எல்லை மரத்தடியில் திருகிய காது

பவ்லா என்ற பெயரை நான் முதலில் கேட்டது, ஒரு பசுமாட்டைத் திட்டிய வசவில். கல்யாணமாகி ஸகோரா என்ற இந்த மலையூருக்கு வந்த நாலாம் நாள் அது. என் மாமியார் தொழுவத்தில் ஒரு செவலைப் பசுவைத் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பசு அசைவதாக இல்லை.

"நகரு. நீ என்ன கொவாச் வீட்டுப் பவ்லாவா, நின்ன இடத்துலயே நிக்க?"

யார் அந்தப் பவ்லா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை கோயில்ல காட்டுறேன். ஒரு சொல்லு சொல்லிட்டா அதுல ஆணி அடிச்ச மாதிரி நிப்பா. அவ அப்பனும் அப்படி, அப்பனுக்கு அப்பனும் அப்படி," என்றார் மாமியார்.

எங்கள் மலையில் ஆளுக்குப் பெயர் பிறகுதான், வீட்டுக்குத்தான் முதலில். கொவாச் என்றால் கொல்லன். அந்த வீட்டில் யாரும் இரும்பு அடித்து நூறு வருஷம் ஆகியிருக்கும், ஆனாலும் கொல்லன் வீடு கொல்லன் வீடுதான். பவ்லாவின் தாத்தாவும் என் மாமியாரின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அந்த வகையில் பவ்லா என் வீட்டுக்காரருக்கு மாமன் மகள் முறை. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பதினேழு வயசு, அகலமான தோள், அப்பனுடைய கோட்டு. பெண்கள் வரிசையில் மற்றவர்கள் இடம் மாற மாற, அவள் மட்டும் தூண் மாதிரி ஒரே இடத்தில் நின்றாள்.

நாலு பெண்களில் மூன்றாவது அவள். மூத்தவள் த்ரியெஸ்தேக்கு வீட்டு வேலைக்குப் போனாள், இரண்டாமவள் ஜெர்மனியில் தொழிற்சாலைக்கு, கடைசிப் பெண் கீழே போஸ்தோய்னாவில் ஒரு தையற்காரனைக் கட்டினாள். "குதிரையைப் பிடிக்கிறவளுக்குத்தான் வீடு," என்று அப்பன் சொல்லிவிட்டார். குதிரையைப் பிடித்தது பவ்லா. காட்டில் மரம் வெட்டிச் சங்கிலி போட்டுக் குதிரையால் இழுப்பது ஆண்கள் வேலை என்றிருந்த காலத்தில் அவள் இழுத்தாள். ஸ்தானே என்ற ரயில்வேக்காரனைக் கட்டினாள். நல்ல மனுஷன், இருமிக்கொண்டே இருப்பான், ஒன்பது வருஷத்தில் நெஞ்சு நோயில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறகு குதிரையும் போனது. நாலு மாடுகள் இருந்தன, அவற்றைக் கையால் கறந்தாள். காடு இருந்தது. குளம் இருந்தது.

குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நின்றது. எங்கள் மலை சுண்ணாம்புக் கல். எவ்வளவு மழை பெய்தாலும் ஓட்டைச் சட்டியில் ஊற்றியது போலக் கீழே போய்விடும். ஓடை கிடையாது, கிணறும் கிடையாது. பவ்லாவின் தாத்தா காட்டின் ஓரத்தில் பள்ளம் தோண்டி, கீழிருந்து வண்டி வண்டியாகக் களிமண் கொண்டுவந்து கொட்டி, ஒரு கோடை முழுக்க எருதுகளை அதற்குள் சுற்றிச் சுற்றி நடக்க விட்டார். மாட்டுக் குளம்பு மிதித்து மிதித்துத்தான் களிமண் இறுகும், தண்ணீர் நிற்கும். வருஷா வருஷம் மிதிக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் அடி வெடித்துவிடும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஊரில் மற்ற குளங்களில் எல்லோரும் பழைய டயரையும் உடைந்த ஓடுகளையும் கொட்டி மூடினார்கள். பவ்லா மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் தன் நாலு மாடுகளை இறக்கி மிதிக்க விட்டாள்.

"ஞானம்மா, அந்தத் தவளைங்களுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கப் போறீங்களா?" என்று கேலி செய்வான் சிரில்.

"எழுதத் தெரிஞ்சா கொடுத்திருப்பேன்டா. உனக்குக் கொடுக்கிறதுக்கு அதுங்களுக்குக் கொடுக்கலாம். ராத்திரி பாட்டாவது பாடும்."

சிரில் பக்கத்துக் காட்டுக்காரன், ஷாகர் வீடு. நாற்பது கறவை மாடு, இயந்திரத்தில் கறப்பு, ஊரிலேயே பெரிய தொழுவம். வயதில் பவ்லாவுக்கு ஏழெட்டு இளையவன். அவன் ஞானம்மா என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவன் மகள். யாஸ்னா பிறந்த அன்று பனி தொழுவத்துக் கூரைவரை கிடந்தது. மருத்துவச்சி வர முடியவில்லை. பனிச்சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தவள் பவ்லா. பிள்ளையை வெளியே எடுத்ததும் அவள்தான். ஞானஸ்நானத்தன்று பிள்ளையைக் கையில் ஏந்தியதும் அவள்தான். பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, பேச வாய் இல்லாத பிள்ளைக்குப் பதிலாக, "விட்டுவிடுகிறேன்" என்று ஞானத்தாய்தானே சொல்ல வேண்டும். பவ்லா சொன்ன சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. கோயிலே சிரித்தது.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே கதவு என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு காட்டுக்கும் எல்லை, ஐந்து புக்வா மரங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பான பட்டை, அதில் கோடாலியால் கொத்திய சிலுவைக் குறி. ஐந்தாவது மரம் குளத்தைத் தாண்டிப் பன்னிரண்டு எட்டுத் தூரம். எல்லோரும் அதைக் கிழவன் என்பார்கள். குளம் முழுசும் கொவாச் வீட்டுப் பக்கம். ஒவ்வொரு வருஷமும் புனித யோசேப்பு திருநாளன்று, மரம் இலை விடுவதற்கு முன்னால், இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து எல்லை நடப்பார்கள். வீட்டில் பிள்ளை இருந்தால் ஒரு தரம் கூட்டிப்போக வேண்டும். ஒவ்வொரு மரத்தடியிலும் பிள்ளையின் காதைப் பிடித்துத் திருக வேண்டும், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும். காகிதம் மறக்கும், காது மறக்காது என்பது கணக்கு. கடைசியில் கொட்டைப் பருப்பு வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒரு துண்டு கிடைக்கும்.

யாஸ்னாவை எட்டு வயதில் கூட்டிப் போனார்கள். நாலு மரத்தடியில் சிரில் சும்மா தொட்டுத் தொட்டு விட்டான். ஐந்தாவதில் பவ்லா முந்திக்கொண்டாள்.

"ஞானம்மா, ஞாபகம் வந்திருச்சு. போதும் விடுங்க."

"எங்கே வந்திருச்சு, சொல்லு."

"குளம் உங்களுது, இந்தக் கிழவனுக்கு அந்தப் பக்கம் எங்களுது. காது பிஞ்சிரும்."

"பிஞ்சா தைக்க எங்க தங்கச்சி புருஷன் இருக்கான்."

இரண்டாயிரத்துப் பதினாலு பிப்ரவரியில் அந்த உறைமழை வந்தது. பனி என்றால் எங்களுக்குப் பழக்கம். இது பனி இல்லை, மழை. சாதாரண மழை போலத்தான் விழும், தொட்ட இடத்தில் கண்ணாடியாகிவிடும். முதல் நாள் மாலை துணிக் கொடி விரல் தடிமன் ஆனது. மறுநாள் மின்கம்பி மணிக்கட்டுத் தடிமன். கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கொதி தண்ணீர் ஊற்றித் திறந்தார். செருப்புக்கு மேல் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு, அடுப்புச் சாம்பலைத் தூவித் தூவித்தான் தொழுவம்வரை போனோம். பிறகு காடு உடைய ஆரம்பித்தது. மூன்று பகல், மூன்று இரவு, துப்பாக்கி சுடுவது போல. ஒரு மரம் முறியும், கொஞ்ச நேரம் அமைதி, கண்ணாடி அலமாரி சாய்ந்தது போல மேலே இருந்து கொட்டும். மின்கம்பங்கள் குடிகாரன் மேல் குடிகாரன் சாய்வது போல ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பவ்லாவின் வாசல் ஆப்பிள் மரம் உச்சியிலிருந்து வேர்வரை இரண்டாகப் பிளந்தது.

மின்சாரம் பதினொரு நாள் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் பள்ளத்தாக்கில் பம்பு ஓடாது, பம்பு ஓடாவிட்டால் மேலே குழாயில் தண்ணீர் வராது. இரண்டாம் நாளே ஷாகர் வீட்டு மாடுகள் கத்தும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. நாற்பது மடி கனத்துப்போய் நிற்கிறது, கறக்கிற இயந்திரம் செத்துக் கிடக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை.

சிரில் நடந்தும் இல்லை, தவழ்ந்தும் இல்லை, அப்படி ஒரு மாதிரி கொவாச் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

"ஞானம்மா, கேக்கவே கூச்சமா இருக்கு."

"நீ எங்கே கேக்குற? உன் மாடு ரெண்டு நாளாக் கேக்குது. டிராக்டர் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுத் தொட்டிய எடுத்துட்டு வா. தவளைங்க தூங்குது, ஒண்ணும் சொல்லாது."

ஊரே அந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்தது. பால் கேனும் வாளியுமாக வரிசை. ஆனால் பனிக்கட்டியை வெட்ட அவள் யாரையும் விடவில்லை. கோடாலி ஓரத்துக் களிமண்ணில் இறங்கினால் குளம் போய்விடும். ஆழம் எங்கே, ஓரம் எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். தினமும் விடியும்போது போய்த் துளை வெட்டுவாள். அங்கிருந்து நேரே ஷாகர் வீட்டுத் தொழுவம். கையால் கறக்கத் தெரிந்த பெண்கள் ஊரில் ஐந்து பேர்தான் மிச்சம். நாங்கள் ஐந்து பேரும் நாற்பது மாட்டைக் கறந்தோம். யாஸ்னாவும் பட்டணத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய தொழுவத்தைச் சிரில் அவள் பெயரில்தான் கட்டியிருந்தான். பவ்லாவுக்கு விரல் வீங்கிக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. யாஸ்னா பக்கத்தில் உட்கார்ந்து களியும் புளித்த முட்டைக்கோஸும் ஊட்டிவிட்டாள்.

"வாயத் திறங்க ஞானம்மா. நீங்க எனக்கு ஊட்டினதுக்கு இது."

"நான் ஊட்டினப்ப நீ துப்புனே. நான் துப்பட்டுமா?"

ஒன்பதாம் நாள் காலை பவ்லா குளத்து ஓரத்தில் வழுக்கி விழுந்தாள். தோளெலும்பு முறிந்தது. சிரில் அவளைப் பலகையில் படுக்கவைத்துக் கட்டி, தீயணைப்புக்காரர்கள் நின்ற இடம்வரை கயிற்றில் பிடித்துப் பிடித்து இறக்கினான். வழியெல்லாம் அழுதுகொண்டே போனான். அந்த அழுகை பொய் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

பனி உருகினபோது காட்டைப் பார்க்க முடியவில்லை. தலையில்லாத மரங்கள், ஒடிந்த கிளைகள் ஆள் உயரத்துக்குக் குவியல். உடனே சுத்தம் செய்யாவிட்டால் வண்டு விழும் என்று வனத்துறையிலிருந்து சொன்னார்கள். பவ்லாவின் கை தூக்குத்துணியில் கிடந்தது.

"நீங்க அடுப்பு பக்கத்துல உக்காருங்க, ஞானம்மா. என் காட்டுக்குள்ள ஆளும் மிஷினும் எப்படியும் வரும். உங்களுதையும் சேத்து ஒதுக்கிடுறேன். உங்க மரம் உங்க வாசலுக்கு வந்துடும்," என்றான் சிரில்.

அன்று சாயந்திரம் நான் அவள் அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. "பவ்லா, அந்தக் கிழவன் மரமும் தலை போய் நிக்குதாம். வெட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துப் பாறையில ஒரு சிவப்புக் குறி போட்டு வச்சிடேன். என் வீட்டுக்காரரப் போகச் சொல்றேன்."

அவள் என்னை ஏதோ பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சில்கா அக்கா, ஞானப்பிள்ளை வீட்டுக்கும் எனக்கும் நடுவுல பெயிண்ட் அடிக்கிறதா? நாளைக்கு அந்தப் பிள்ளை அதப் பாத்தா என்னை என்னன்னு நினைக்கும்?"

எங்கள் பக்கத்தில் அது உண்டு. ஞானஸ்நான உறவுக்குள் எழுத்து, குறி, சாட்சி என்று எதையும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால், நான் உன்னை நம்பவில்லை என்று முகத்தில் துப்பினதாகக் கணக்கு.

மரம் அவள் வாசலுக்கு வந்தது. ஒரு கட்டைகூடக் குறையவில்லை, அழகாக அடுக்கி வைத்திருந்தான். யோசேப்பு திருநாளன்று பவ்லா ஒற்றைக் கையால் ரொட்டியைச் சுருட்டிச் சுட்டு, துணியில் மூடி எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்க் காத்திருந்தாள். சிரில் வரவில்லை. மிஷின் பழுது என்று யாஸ்னா தொலைபேசியில் சொன்னாள். பவ்லா தனியாக எல்லை நடக்கப் பார்த்தாள். முதல் மரம் இருந்த இடத்தில் வேரோடு பிடுங்கிய குழி. இரண்டாவதிலும் குழி. கிழவன் இருந்த இடத்தில் குழிகூட இல்லை. மிஷின் போகிற பாதையை அகலமாக இழுத்து, கல் கொட்டி நிரவியிருந்தது. மற்ற இடத்திலெல்லாம் அடிக்கட்டையை விட்டிருந்தார்கள். இந்த ஐந்தை மட்டும் விடவில்லை.

அப்போதும் அவள் தப்பாக நினைக்கவில்லை. என்னிடம் வந்து, "மிஷினுக்கு என்ன தெரியும், இரும்புதானே," என்றாள்.

மே மாதம் நில அளவைக்கு ஆள் வந்தது. புதுப் பாதையைப் பதிவு செய்யச் சிரில்தான் வரவழைத்திருந்தான். வந்தது ஒரு சின்னப் பெண், முக்காலிக் கருவியோடு. ராஜா காலத்து வரைபடத்தை விரித்தாள். கோடு சரியாகக் குளத்தின் மேலேயே போனது. ஆனால் அந்தப் பேனாக் கோட்டின் தடிமனே தரையில் பத்தடி வரும்.

"ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே இடத்தக் காட்டுங்க, நான் எழுதிக்கிறேன்," என்றாள் அந்தப் பெண்.

பவ்லா குளத்தைத் தாண்டிப் பன்னிரண்டு எட்டு எண்ணி நடந்து, கல் கொட்டின பாதையின் நடுவில் போய் நின்றாள். சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குளத்துக்கு இந்தப் பக்கம், அவள் மேய்ச்சல் வேலியைக் காட்டினான்.

பவ்லா சிரித்தாள். "என்னடா, காலையிலயே சாராயமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"இல்ல ஞானம்மா. எங்கப்பா எப்பவும் சொல்வாரு. குளம் எங்க நிலத்துல தோண்டினது. உங்க தாத்தாவுக்குப் பழக்கத்துல விட்டது."

"நீ இத்தனை வருஷம் என்கூட நடந்தியே, சிரில்."

"நடந்தது பழக்கம்தானே."

"மரம் ஏதாவது அடையாளம் உண்டா?" என்று அளவைக்காரப் பெண் கேட்டாள்.

"இருந்துச்சு. உறைமழை கொண்டுபோயிருச்சு," என்றான் சிரில்.

"மழை வேரையுமா பிடுங்கிட்டுப் போச்சு?" என்றாள் பவ்லா.

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த நாற்பது மாடும் ரெண்டு நாள் தண்ணீர் இல்லாமல் கத்தின கத்தல் அவன் காதிலிருந்து போகவில்லை, அதுதான் விஷயம். தண்ணீர் கொடுத்தவள் கையை விட, தண்ணீர் தன் கையில் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

"வேற யாராவது எல்லை நடந்தவங்க இருக்காங்களா?" என்றாள் அளவைக்காரப் பெண்.

யாஸ்னா அங்கேதான், டிராக்டர் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தாள். பவ்லா அவளைப் பார்த்தாள். பவ்லாவின் முகத்தில் பயம் என்பதே இல்லை. கடையில் கொடுத்து வைத்த பொருளைத் திரும்ப எடுக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"யாஸ்னா, நீ சொல்லும்மா. எட்டு வயசுல நீ நடந்தே."

யாஸ்னா தரையைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். இடது கை மேலே போய், காதை மூடியிருந்த முடியை ஒதுக்கி, காது மடலைப் பிடித்துக்கொண்டது.

"நான் அப்போ சின்னப் பிள்ளை. எனக்கு ஞாபகம் இல்ல."

அளவைக்காரப் பெண் எழுதப் போன பேனாவை நிறுத்திவிட்டாள். பவ்லா மெதுவாக, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தக் காதுன்னாவது ஞாபகம் இருக்கா?"

யாஸ்னா கையைச் சட்டென்று கீழே விட்டாள். பவ்லா அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. முக்காலிக் கருவியைச் சுற்றிப்போய் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

வழக்குப் போடு என்று நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் சொன்னார், சாமியாரே சொன்னார். போடாவிட்டால் வேலி போட்டவன் கோடுதான் நிற்கும் என்று ஊரே சொன்னது. நாங்கள் யாரும் அந்த எல்லை நடந்ததில்லை. அந்த இரண்டு வீட்டைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலையில்லை. பவ்லாவின் அக்கா தங்கச்சி சொன்னால் கொவாச் வீட்டுப் பேச்சு என்றுதான் எடுப்பார்கள். அப்படியென்றால் நீதிபதி முன்னால் நிற்க வேண்டியவள் யாஸ்னா ஒருத்திதான்.

"அதுதான் முடியாது, சில்காக்கா," என்றாள் பவ்லா. கறந்துகொண்டிருந்தாள், முகத்தைத் திருப்பவில்லை. "முதல் தடவை, அப்பன் பக்கத்துல நின்னான், வாய் குழறிருச்சுன்னு வச்சிக்கலாம். நீதிபதி கேட்டா ரெண்டாந்தடவை வேணும்னே சொல்லணும். அவளுக்கு வாய் இல்லாதப்ப, அவளுக்காகப் பசாச விட்டுட்டேன்னு சொன்னது நான். அவ வாயில நானே அதக் கொண்டுபோய் வைக்கிறதா?"

"அப்போ குளம்?"

"அவளுக்கு இப்போ வாய் இருக்கு. எனக்காக ஒரு தடவை அதத் திறந்திருக்கலாம்." வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "குளத்த விடுங்க."

ஒரு சொல் சொன்னால் அதில் ஆணி அடித்த மாதிரி நிற்பாள் என்று மாமியார் சொன்னது சரிதான். அந்தச் சொல்லிலும் நின்றாள். சிரில் குளத்தைச் சுற்றி வேலி போட்டான், தன் தொழுவத்துக்குக் குழாய் இழுத்தான். மேய்ச்சலில் குடிக்கத் தண்ணீர் இல்லை, முறிந்த தோளோடு வீட்டுக் குழாயிலிருந்து சுமந்து பவ்லாவால் மாடு வைத்திருக்க முடியவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே நாலையும் விற்றாள். லாரியில் ஏற்றும்போது ஒன்றன் நெற்றியை மட்டும் தடவினாள்.

குழாயில் குடிக்கிற மாடு குளத்தில் இறங்காது. மூன்றாம் கோடையில் ஒரு நாள் சிரில் கொவாச் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான். அவள் அவரைக்கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"ஞானம்மா, தண்ணி இறங்கிட்டே இருக்கு."

"மாடு மிதிக்கணும்."

"எத்தனை மாடு?"

"என் நாலு போதும்," என்றாள் பவ்லா. அடுத்த விதையை எடுத்தாள்.

அவன் போய்விட்டான். குளம் இப்போது அடி வெடித்துக் கிடக்கிறது, ஏதோ காட்டுமரக் கன்று ஒன்று அதன் நடுவில் முளைத்திருக்கிறது. யாஸ்னாவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். ஞானத்தாயாக நிற்கப் பட்டணத்திலிருந்து யாரையோ கூட்டி வந்தார்கள். ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் முன்னால் கொவாச் வீட்டு வாசற்படியில் ஒரு சுருள் ரொட்டி துணியில் மூடி வைத்திருக்கும். யார் வைத்தது என்று பவ்லா கேட்டதில்லை. அதை என் கோழிகளுக்குக் கொடுத்து அனுப்புவாள்.

பவ்லாவுக்கு இப்போது எழுபத்துநாலு வயது. ஸகோராவில், கொவாச் வீட்டில், கீழறையில் தனியாக இருக்கிறாள்.